காற்றின் யாழும் கல்லின் குரலும்: கிரேக்கத் தொன்ம ஒலிப்பாதைகளும் சென்னை வளாகங்களும்

பொருளும் கேள்வியும்

ஒலிப்பாதை நடந்துகொண்டே கேட்க வேண்டிய கலை. ஒரு கல்லூரியின், அரண்மனையின், கலை நிறுவனத்தின் வளாகத்துக்குள் சிற்பங்களும் ஒலியமைப்புகளும் இடம்விட்டு இடம் நிறுவப்படுகின்றன. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நடக்கும்போது கேட்பவரின் மனத்தில் ஒரு கதை திரள்கிறது. இவ்வகைப் படைப்புகளை 'ஒலி நிறுவல்' என்று அழைக்கும் வழக்கு அமெரிக்கத் தாளக் கலைஞர் மேக்ஸ் நியூஹாஸ் வழியாகப் பரவியது. 1967இல் பஃபலோ நகரில் ஒரு சாலையோர மரங்களில் சிறு வானொலி அலைபரப்பிகளைப் பொருத்தி, அவ்வழியே செல்லும் கார்களின் வானொலியில் மட்டும் கேட்கும்படி ஒரு படைப்பை அவர் அமைத்தார். 1977இல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில், நடைபாதைக் கம்பிவலைக்கு அடியிலிருந்து எழும் தொடர் ஒலியாக இன்னொன்றை வைத்தார். அங்கே பெயர்ப்பலகைகூட இல்லை. கேட்டவர்கள் கேட்டார்கள், கடந்தவர்கள் கடந்தார்கள்.

நியூஹாஸின் படைப்புகளில் கதை கிடையாது. ஆனால் அவருக்கு முன்னும் பின்னும் ஒலியை இடத்தோடு பிணைக்க முயன்றவர்கள் பலர் கிரேக்கத் தொன்மங்களை நாடியிருக்கிறார்கள். ஆர்ஃபியஸ், எக்கோ, சைரன்கள், ஏயோலஸ், மெம்னன் ஆகிய பெயர்கள் இத்துறையில் மீண்டும் மீண்டும் வருகின்றன. இதற்குப் பொதுவாக இரண்டு விளக்கங்கள் தரப்படுவதுண்டு. மேற்கத்தியக் கல்வியில் கிரேக்கக் கதைகள் பெற்ற இடமே காரணம் என்பது ஒன்று. கிரேக்கத் தொன்மத்தில் இசை பற்றிய கதைகள் மிகுதி என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே என்றாலும் இரண்டும் போதாதவை. கல்விமரபு மட்டுமே காரணமாக இருந்தால் ஹெராக்ளிஸின் வீரச்செயல்களும் அதே அளவு ஒலிப்பாதைகளாகியிருக்க வேண்டும். இசைக்கதைகளின் மிகுதிதான் காரணமென்றால், அத்தகைய கதைகள் நிறைந்த இந்திய மரபிலிருந்தும் இக்கலை இயல்பாக முளைத்திருக்க வேண்டும்.

தொன்மம் ஓர் ஒலிப்பாதையில் உண்மையில் என்ன வேலை செய்கிறது? அது பலகையில் எழுதப்படும் அலங்காரமா, படைப்பின் எலும்புக்கூடா? இக்கேள்விக்கான விடையைச் சென்னை வளாகங்களில், குறிப்பாக ராயப்பேட்டை போன்ற நெரிசலான பகுதியில், வைத்துப் பார்த்தால் என்ன தெரியவரும்? இவ்விரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உடலிழந்த குரல்கள்

கிரேக்க ஒலிக்கதைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு பொதுக்கூறு துலங்கும். எக்கோ நார்சிசஸ் மீது கொண்ட காதல் நிறைவேறாமல் மெலிந்து தேய்கிறாள். எலும்புகள் கல்லாகின்றன, குரல் மட்டும் மிஞ்சுகிறது. காட்டுத் தெய்வமான பானிடமிருந்து தப்பி ஓடும் சிரிங்க்ஸ் நாணலாக மாறுகிறாள். அந்த நாணலை வெட்டிப் பான் குழல் செய்கிறான். திராசியப் பெண்களால் கிழித்தெறியப்பட்ட ஆர்ஃபியஸின் தலை ஆற்றில் மிதந்தபடி பாடிக்கொண்டே லெஸ்போஸ் தீவை அடைகிறது. அப்பல்லோவோடு இசையில் போட்டியிட்டுத் தோற்ற மார்சியஸின் தோல் உரிக்கப்படுகிறது. எல்லாவற்றிலும் உடல் அழிகிறது அல்லது உருமாறுகிறது. ஒலி அதைத் தாண்டி நிற்கிறது.

ஒலிபெருக்கியின் இயல்பும் இதுதான். பேசியவர் இல்லாத இடத்தில் அவர் குரல் கேட்கிறது. வாசித்தவர் இறந்த பின்னும் அவர் வாசிப்பு ஒலிக்கிறது. உடலைப் பிரிந்த ஒலியைக் கையாளும் கலைக்கு, உடலைப் பிரிந்த ஒலியைப் பற்றிய கதைகள் வெறும் மேற்பூச்சு அல்ல. அக்கலையின் அடிப்படைச் சிக்கலை அவை முன்னரே சொல்லி வைத்திருக்கின்றன. கிரேக்கத் தொன்மம் இத்துறையில் வேரூன்றியதற்கு இதுவே வலுவான காரணம். மேலே கண்ட இரு விளக்கங்களும் இதற்குத் துணைக்காரணங்களாகவே நிற்கக்கூடும்.

ஆர்ஃபியஸ் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. இறந்த மனைவி யூரிடிசியைப் பாதாளத்திலிருந்து அழைத்துவரும் வழியில் அவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் வருபவளை அவன் கேட்டுத்தான் அறிய வேண்டும். நடை, கேட்டல், பார்க்காதிருத்தல் மூன்றும் ஒரே கட்டளையில் அடங்கிவிடுகின்றன. கனடியக் கலைஞர் ஜேனட் கார்டிஃப் 1991இல் தொடங்கிய ஒலிநடைகளில் கேட்பவர் காதணிக்கருவியோடு நடக்க, காதுக்குள் ஒரு பெண்குரல் வழிகாட்டும். 2004இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் அவர் அமைத்த நடையில் ஆர்ஃபியஸ் கதை இழையோடுகிறது. பின்னால் காலடியோசை கேட்கும்போது திரும்பிப் பார்ப்பதா வேண்டாமா என்ற தயக்கம் நடப்பவரின் கழுத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மெம்னன்: ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒலிச்சிற்பம்

தொன்மமும் சிற்பமும் ஒலியும் பயணமும் ஒன்றுகூடிய மிகப் பழைய சான்று எகிப்தில் இருக்கிறது. நைல் ஆற்றின் மேற்குக் கரையில், இன்றைய லக்சருக்கு எதிரே, மூன்றாம் அமென்ஹோடெப் மன்னனின் இரண்டு அமர்ந்த சிலைகள் உள்ளன. ஏறத்தாழ 18 மீட்டர் உயரமுள்ள இவை கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கி.மு. 27இல் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் வடபுறச் சிலை இடுப்புக்கு மேல் சரிந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. அதன்பின் சில விடியற்காலைகளில் அந்தச் சிலையிலிருந்து ஒலி எழுந்தது. பயணி பவுசானியாஸ் அதை அறுந்துபோகும் யாழ் நரம்பின் ஒலியோடு ஒப்பிட்டார். புவியியல் அறிஞர் ஸ்ட்ராபோவும் கேட்டார். ஆனால் ஒலி கல்லிலிருந்து வந்ததா, அருகில் நின்றவர்கள் எழுப்பியதா என்று ஐயப்பட்டார்.

கிரேக்கர்கள் அந்தச் சிலைக்கு மெம்னன் என்று பெயரிட்டார்கள். டிராய்ப் போரில் அகில்லீஸால் கொல்லப்பட்ட எத்தியோப்பிய அரசன் அவன். விடியலின் தேவதை ஈயோஸின் மகன். தாய் எழும்போது மகன் வணங்குகிறான் என்பது அந்த ஒலிக்கு அவர்கள் தந்த பொருள். கி.பி. 130இல் பேரரசர் ஹாட்ரியனும் அவர் மனைவி சபீனாவும் அங்கு வந்தபோது உடன்வந்த கவிஞர் ஜூலியா பால்பிலா எழுதிய பாடல்கள் சிலையின் காலில் வெட்டப்பட்டன. கிரேக்கத்திலும் லத்தீனிலுமாக நூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் அங்கு உண்டு. கேட்டேன், இந்த நாளில் கேட்டேன் என்று வருகையாளர்கள் பதிந்த சாட்சியங்களே அவற்றில் பெரும்பாலானவை.

இரவில் ஈரம் ஏறிய விரிசல் கல் காலை வெயிலில் விரைவாகச் சூடேறும்போது ஒலி எழுந்திருக்கலாம் என்பது இன்றைய பொதுவான விளக்கம். பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் காலத்தில், கி.பி. 200ஐ ஒட்டி, உடைந்த மேற்பகுதி மீண்டும் கட்டப்பட்டது. அதோடு ஒலி நின்றது என்பர். சிற்பத்தைச் சீராக்கிய கையே அதன் குரலை அடக்கிவிட்டது.

இக்கட்டுரையின் கேள்விக்கு மெம்னன் தரும் சான்று முக்கியமானது. அங்கே எவரும் ஓர் ஒலியை உருவாக்கி, பிறகு அதற்கு ஒரு கதையைத் தேடவில்லை. கல்லும் பனியும் வெயிலும் தாமாக எழுப்பிய ஒலியைக் கேட்டவர்கள், அதைத் தாங்கக்கூடிய கதையைக் கண்டெடுத்தார்கள். எகிப்திய மன்னனுக்கு அந்தக் கதையோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆயினும் விடியல், கல், ஒலி மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டியதால் அது நிலைத்தது. வேற்று நிலத்துத் தொன்மம் ஓர் இடத்தில் வேர்கொள்வதற்கு அந்த இடத்தின் ஒலியை அது விளக்குகிறதா என்பதே உரைகல். பிறந்த ஊர் எது என்பது அடுத்த கேள்விதான்.

காற்றின் யாழ்: ஏயோலஸ் முதல் மைசீனி வரை

காற்றுத் தெய்வமான ஏயோலஸின் பெயரைத் தாங்கியது காற்றியாழ். யாரும் மீட்டாமல் காற்றே நரம்புகளை அதிரச் செய்யும் இக்கருவியை அத்தனாசியஸ் கிர்ஷர் 1650இல் வெளியிட்ட தம் இசைப்பெருநூலில் விவரித்தார். 19ஆம் நூற்றாண்டில் இதன் அறிவியல் தெளிவானது. கம்பியைக் கடக்கும் காற்று அதன் இரு புறமும் மாறிமாறிச் சுழல்களை உதிர்க்கிறது. அந்தச் சுழல்களின் அதிர்வெண், காற்றின் வேகத்தைக் கம்பியின் விட்டத்தால் வகுத்து 0.2ஆல் பெருக்கினால் கிடைக்கும் என்பது 1878இல் இயற்பியலாளர் ஸ்ட்ரூஹாலின் ஆய்விலிருந்து வந்த அளவுமுறை. நொடிக்கு 5 மீட்டர் வேகக் காற்றில் 1 மில்லிமீட்டர் கம்பியைச் சுற்றி ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸில் சுழல்கள் உதிரும். அதற்கு அருகிலுள்ள தன் மேற்சுரங்களில் ஒன்றில் கம்பி அதிரத் தொடங்கும். காற்று மாற மாறச் சுரமும் தாவும்.

பிரித்தானியக் கலைஞர் லூக் ஜெர்ரம் 2011இல் அமைத்த 'ஏயோலஸ்' இம்மரபின் அண்மைக்காலப் பெரும் முயற்சி. உட்புறம் மெருகேற்றிய 300க்கும் மேற்பட்ட எஃகுக் குழாய்கள் வளைவான கூரையாகச் சேர்ந்து, காற்றை ஒலியாகவும் வானத்தை ஒளிப்புள்ளிகளாகவும் உள்ளே நிற்பவருக்குக் கொண்டுதருகின்றன. சௌத்தாம்ப்டன், சால்ஃபோர்டு பல்கலைக்கழகங்களின் ஒலியியல் ஆய்வாளர்கள் அதில் துணைநின்றார்கள். மின்சாரமோ ஒலிபெருக்கியோ அதற்குத் தேவையில்லை.

இதற்கு எதிர்முனையில் நிற்பது யானிஸ் செனாக்கிஸின் பணி. கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயின் அலுவலகத்தில் 1947 முதல் 1959 வரை பணியாற்றிய இந்தக் கிரேக்க இசையமைப்பாளரின் கை சண்டிகர் திட்டத்திலும் பட்டிருக்கிறது. 1958இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியின் பிலிப்ஸ் மண்டபத்தை வடிவமைத்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. எட்கர் வரேஸின் மின்னிசை அங்கு நூற்றுக்கணக்கான ஒலிபெருக்கிகள் வழியே சுவரெங்கும் நகர்ந்து ஓடியது. இருபது ஆண்டு கழித்து, 1978 செப்டம்பரில், செனாக்கிஸ் மைசீனிக் கோட்டையின் இடிபாடுகளில் ஒரு பெருநிகழ்வை அமைத்தார். அகமெம்னன் வெட்டப்பட்டதாகக் கதை சொல்லும் அந்த மலையில் இராணுவத்தின் தேடுவிளக்குகள் வானத்தைத் துழாவின. தீப்பந்தம் ஏந்திய குழந்தைகள் ஊர்வலம் வந்தார்கள். பாடகர்கள் சோபக்ளிஸ், யூரிபிடிஸ் வரிகளைப் பாடினார்கள். மணியும் விளக்கும் கட்டிய ஆட்டுமந்தையொன்று மலைச்சரிவில் நகர்ந்தது.

அந்த ஆடுகளே நிகழ்வின் உச்சம் என்று சொல்லத் தோன்றுகிறது. தேடுவிளக்குகளை எந்த நகரத்துக்கும் கொண்டுபோகலாம். ஆட்டுமணியோசையோ அந்த மலைச்சரிவுக்கே உரியது. தொன்மத்தின் அரசர்கள் காலத்திலும் அங்கு கேட்டிருக்கக்கூடியது. செனாக்கிஸ் தொன்மத்தை மேடையேற்றவில்லை. அது நிகழ்ந்த நிலத்தையே வாத்தியமாக்கினார்.

தென்னிந்தியக் கரையில் கிரேக்கம்

கிரேக்கத் தொன்மம் தமிழ் நிலத்துக்கு முற்றிலும் அயலானதா என்ற கேள்விக்கு விடை எளிதல்ல. யவனர்களின் கலங்களும் பாவைவிளக்குகளும் சங்கப் பாடல்களில் வருகின்றன. புகாரில் அவர்களுடைய இருப்பிடங்களைச் சிலப்பதிகாரம் குறிக்கிறது. இவை வணிகத்தின் சான்றுகள். கதைகள் கைமாறியதை இவை காட்டவில்லை.

எதிர்த்திசையில் ஓர் அரிய சான்று உண்டு. எகிப்தின் ஆக்சிரிங்கசில் கிடைத்து 1903இல் பதிப்பிக்கப்பட்ட 413ஆம் எண் பாப்பிரஸ், கி.பி. 2ஆம் நூற்றாண்டின் கிரேக்கக் கேலி நாடகம் ஒன்றைத் தாங்கியது. கரிட்டியன் என்ற பெண் இந்தியக் கடற்கரைக் கோயில் ஒன்றில் சிறைப்பட்டிருக்கிறாள். அவளுடைய சகோதரனும் தோழர்களும் அந்நாட்டு அரசனுக்கு மது ஊட்டி அவளை மீட்கிறார்கள். தௌரிஸ் நாட்டில் சிக்கிய இஃபிஜீனியாவின் கதையும், ஒற்றைக்கண் அரக்கனை ஒடிசியஸ் மதுவால் வீழ்த்திய கதையும் இதில் கலந்திருக்கின்றன. உள்நாட்டு மாந்தர் புரியாத மொழியில் பேசுகிறார்கள். அது கன்னடம் என்று ஆய்வாளர் ஹூல்ட்ஸ் 1904இல் வாதிட்டார். பிறகு துளு என்றும் சிலர் கூறினர். பொருளற்ற ஓசைக்கூட்டமே என்று மறுப்போரும் உண்டு. மொழி பற்றிய வழக்கு எப்படி முடிந்தாலும் ஒன்று உறுதி. அந்தப் பிரதியில் பறையும் தாளமும் எங்கே முழங்க வேண்டும் என்ற குறிகள் எழுதப்பட்டிருக்கின்றன. கிரேக்கத் தொன்மத்தை இந்தியக் கரையில் வைத்துக் கற்பனை செய்த ஒரு நாடகக்குழு, அதன் ஒலியையும் திட்டமிட்டிருந்தது.

மதராஸ் நகரத்தில் கிரேக்கம் கட்டடமாக வந்தது. அதுவும் முதலில் அதிகாரத்தின் உடையாக. இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் விருந்து மண்டபம் 1802இல் கிரேக்கக் கோயில் சாயலில் எழுந்தது. பிளாசி, ஸ்ரீரங்கப்பட்டினம் வெற்றிகளின் நினைவு அதன் முகப்பில் பதிக்கப்பட்டது. ஆனால் எல்லாக் கிரேக்கத் தூண்களும் ஒரே கதை சொல்வதில்லை. ஜார்ஜ் டவுனில் 1850இல் திறக்கப்பட்ட பச்சையப்பன் மண்டபம், ஏதென்ஸில் தீசியஸ் கோயில் என்று வழங்கப்பட்ட கட்டடத்தை முன்மாதிரியாகக் கொண்டது. 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியார் விட்டுச்சென்ற அறக்கொடையிலிருந்து, இந்திய மாணவர்களின் கல்விக்காக எழுந்த மண்டபம் அது. காலனி அரசின் வெற்றிச்சின்னமான அதே வடிவத்தை, அரை நூற்றாண்டு கழித்து ஊர்மக்களின் அறக்கட்டளை தன் பள்ளிக்காக எடுத்துக்கொண்டது. தொன்மம் யாருக்குச் சொந்தம் என்ற விவாதத்தில் இந்த இரண்டாவது கட்டடத்தை மறப்பது பெரும்பிழை.

அடையாற்றில் வேறொரு நிகழ்வு. 1910களின் இறுதியில் பிரம்மஞான சபை வளாகத்தில் எலினார் எல்டர் என்ற ஆங்கிலேயக் கலைஞர் கிரேக்க பாணி நடனத்தை அறிமுகம் செய்தார். இளம் ருக்மிணி தேவிக்கு மேடை அனுபவம் அந்தச் சூழலில்தான் தொடங்கியது. 1936இல் அவர் கலாக்ஷேத்திராவைத் தொடங்கியபோது தேர்ந்துகொண்டது பரதநாட்டியத்தை. அயல்மரபு அங்கே முன்மாதிரியாக நிலைக்கவில்லை; ஒரு தூண்டலாக வந்து விலகியது. மதுரையில் மு. ராமசுவாமியின் நிஜ நாடக இயக்கம் 1980களில் அரங்கேற்றிய 'துர்க்கிர அவலம்' இன்னும் துணிவான முயற்சி. ஆன்டிகனியின் கதையை அது தெருக்கூத்தின் அடவுக்கும் தாளத்துக்கும் கொண்டுவந்தது. அங்கே கதை கிரேக்கத்தினது. ஒலி தமிழ் நிலத்தினது. ஒலிப்பாதை அமைப்போர் முதலில் பார்க்க வேண்டிய முன்னோடி இதுவே.

கல்லும் சிலம்பும்

தமிழ்நாட்டில் நடந்தபடி கேட்கும் கலைக்கு முன்மரபு இல்லை என்று கருதுவது தவறு. கோயில் வளாகங்களின் இசைத்தூண்கள் அம்மரபின் உச்சம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வடக்குக் கோபுரத்தருகே ஐந்து தூண்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரே கல்லில் குடைந்த 22 சிறுதூண்களின் கொத்து. திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலின் மணிமண்டபத்திலும் சுசீந்திரத்திலும் ஆழ்வார்திருநகரியிலும் இவ்வகைத் தூண்கள் உண்டு. தட்டினால் ஒவ்வொரு சிறுதூணும் வெவ்வேறு சுரம் தரும்.

தூணுக்குள் வெற்றிடம் இருக்கிறது என்ற நம்பிக்கை நெடுங்காலம் வழங்கிவந்தது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய அறிவியலாளர்கள் ஹம்பி விட்டலர் கோயில் மகாமண்டபத் தூண்களைச் சேதப்படுத்தாத முறைகளால் ஆராய்ந்து, அவை திண்கல்லே என்று நிறுவினார்கள். தட்டும்போது தூண் வளைந்து அதிர்வதால் சுரம் பிறக்கிறது. தடிமன் கூடினால் சுரம் ஏறும்; நீளம் கூடினால் அதைவிட விரைவாக இறங்கும். சிற்பியின் உளி ஒவ்வொரு தூணின் நீளத்தையும் தடிமனையும் செவியால் சரிபார்த்தே இறுதி வடிவத்தை எட்டியிருக்க வேண்டும். அந்த உழைப்பை நினைத்தால், உள்ளே வெற்றிடம் என்ற கதையைவிட உண்மையே வியப்பூட்டுவது. தட்டித் தட்டித் தேய்ந்ததால் ஹம்பியில் தூண்களைத் தொடுவதற்கே இப்போது தடை உண்டு.

கிரேக்கக் கதைகளுக்கும் இத்தூண்களுக்கும் உள்ள வேறுபாடு ஆழமானது. அங்கே ஒலி உடலைவிட்டு நீங்கித் திரிகிறது. இங்கே ஒலி கல்லின் உடலுக்குள்ளேயே இருக்கிறது. தொடும் கை வேண்டும். இதே இயல்பு தமிழின் பெரும் ஒலிக்காப்பியத்திலும் காணப்படுகிறது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் வழக்கைத் தீர்த்த சான்று எது? அரசியின் சிலம்புக்குள் முத்துப் பரல்கள். கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கப் பரல்கள். வெளித்தோற்றத்தில் வேறுபாடு புலப்படவில்லை. நடக்கும்போது ஒலிதருவதற்காக உள்ளே இடப்பட்ட பரல்களே உண்மையைச் சொல்கின்றன. ஒலியின் ஊற்றே சாட்சியாகிறது. அதற்காகச் சிலம்பு உடைகிறது. உடல் அழிந்தபின் குரல் எஞ்சும் எக்கோவுக்கும், உள்ளிருக்கும் பரலை வெளிக்காட்ட உடைக்கப்படும் சிலம்புக்கும் இடையிலான தூரம் இரண்டு மரபுகளின் தூரம்.

இந்தப் பின்னணியில் பூம்புகாரின் சிலப்பதிகாரக் கலைக்கூடம் சிந்தனைக்குரியது. 1973இல் திறக்கப்பட்ட அந்த ஏழுநிலை மாடத்தில் காப்பிய நிகழ்வுகள் கற்சிற்பங்களாக வரிசையில் செதுக்கப்பட்டுள்ளன. நடந்து பார்த்தால் புகாரிலிருந்து வஞ்சிவரை கதை நகரும். தொன்மப் பாதை என்ற வகையில் தமிழ்நாட்டின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு அது. ஆனால் யாழும் குழலும் தண்ணுமையும் நுணுக்கமாகப் பேசப்படும் அரங்கேற்று காதையும், பாட்டே பிரிவுக்குக் காரணமாகும் கானல்வரியும் அமைந்த காப்பியம் அங்கே கண்ணுக்கு மட்டுமே தரப்பட்டிருக்கிறது. 1968இன் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் எழுந்த கண்ணகியும் அவ்வாறே, உயர்த்திய கையில் ஒலிக்காத சிலம்போடு நிற்கிறாள். ஆரோவில்லின் ஸ்வரம் நிறுவனம் 2003 முதல் கல், உலோகம், மூங்கிலில் புதிய இசைக்கருவிகளும் ஒலித்தோட்டங்களும் உருவாக்கி வருகிறது. அங்கே ஒலி நிறைய உண்டு, கதை இல்லை. பூம்புகாரின் கதையையும் ஆரோவில்லின் ஒலியையும் ஒரே வளாகத்தில் கூட்டும் பணி இன்னும் மிச்சமிருக்கிறது.

ராயப்பேட்டையின் செவிநிலம்

ராயப்பேட்டை வளாகங்களின் பகுதி. ஆற்காட்டு இளவரசரின் அமீர் மகால், அரசு மருத்துவமனை, நியூ கல்லூரி, வெஸ்லி பள்ளி, டி.டி.கே. சாலையில் மியூசிக் அகாடமி ஆகியவை நடந்துபோகும் தூரங்களில் உள்ளன. இவற்றில் அமீர் மகால் ஒலி வரலாற்றில் தனித்து நிற்கிறது. அதன் நுழைவாயிற் கோபுரங்களின் மேல் நகரா முழங்குவதற்கான மாடங்கள் அமைந்துள்ளன. வாயிலைக் கடப்பவருக்கு எல்லையை ஒலியால் உணர்த்திய வளாகம் அது. மியூசிக் அகாடமியின் அரங்கம் 1962இல் திறக்கப்பட்டது. அங்கே ஒலி சுவருக்குள் காக்கப்படுகிறது. வெளியே சாலை தன் போக்கில் இரைகிறது.

அந்த இரைச்சலே முதல் தடை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகல்வரம்பு 55 டெசிபெல், வணிகப் பகுதியில் 65. கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், நீதிமன்றங்களைச் சுற்றி 100 மீட்டர்வரை அமைதி மண்டலமாக அறிவிக்க விதிகள் இடமளிக்கின்றன. அங்கே பகலில் 50, இரவில் 40. இரண்டு பேர் ஒரு மீட்டர் தள்ளி நின்று பேசினால் ஏறத்தாழ 60 டெசிபெல் எழும். அதாவது அமைதி மண்டலத்தில் அமையும் ஒலிப்பாதை, இயல்பான பேச்சைவிட மெல்லியதாக இருந்தாக வேண்டும். பேருந்துகளின் உறுமலும் மெட்ரோ பணிகளின் அதிர்வும் நிறைந்த தெருவோடு ஒலிபெருக்கி போட்டியிட்டால் சட்டமும் மீறப்படும், கேட்பவரின் செவியும் களைக்கும்.

ஆனால் போக்குவரத்து இரைச்சலின் வலிமை பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே குவிந்திருக்கிறது. மெல்லிய, உயர்ந்த ஒலிகள் அதற்கு மேலே தனித்துக் கேட்கும். கோயில் கைமணியும் சைக்கிள் மணியும் தெருவில் கேட்பது இதனால்தான். இங்கே காற்றியாழ் கைகொடுக்கிறது. ராயப்பேட்டை மெரினாவிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கோடையில் நண்பகலையொட்டியோ பிற்பகலிலோ கடற்காற்று ஊருக்குள் நுழைகிறது. மேலைக்காற்று வலுத்த நாளில் அது தாமதமாகும். சில நாள் வராமலே போகும். நொடிக்கு 4 மீட்டர் காற்றில் அரை மில்லிமீட்டர் கம்பி ஏறத்தாழ 1600 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலிக்கும். அது இரைச்சலுக்கு மேலே நிற்கும் சுரம். மரங்களும் மாடிகளும் காற்றைத் தடுப்பதால் யாழ் தரையில் அன்றி மொட்டைமாடியில் நிற்க வேண்டும். உப்புக்காற்றில் சாதாரணக் கம்பி ஒரு மழைக்காலத்துக்குத் தாங்காது. துருப்பிடிக்காத எஃகு வேண்டும்.

ஏயோலஸின் கதை அப்போது பொருள் பெறுகிறது. காற்றுகளைத் தோற்பையில் கட்டி ஒடிசியஸிடம் கொடுத்தவன் அவன். தோழர்கள் பையை அவிழ்த்ததால் கரை கண்ணில் பட்டும் கப்பல் விலகிப்போனது. கடற்காற்று இன்று வருமா என்று மே மாத மதியத்தில் காத்திருக்கும் சென்னைவாசிக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. யாழ் ஒலித்தால் காற்று இறங்கிவிட்டது. ஒலிக்காவிட்டால் பை இன்னும் அவிழவில்லை.

எக்கோவுக்கும் இங்கே இடம் உண்டு. 30 பாகை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்லும். எதிரொலி தனித்துக் கேட்க நொடியில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி வேண்டும் என்று கொண்டால், சுவர் 17 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். பழைய வளாகங்களின் முற்றங்களிலும் நீண்ட தாழ்வாரங்களிலும் இந்தத் தூரம் கிடைக்கும். கைதட்டினால் எந்த இடத்தில் சுவர் பதில் சொல்லத் தொடங்குகிறது என்பதைத் தரையில் ஒரு கல்லால் குறித்தாலே அது முழுமையான நிறுவலாகிவிடும்.

மறுப்புகளும் பொருத்தமும்

இத்தகைய பாதைக்கு எழக்கூடிய முதல் மறுப்பு, தமிழ்க் கதைகள் இருக்கக் கிரேக்கம் எதற்கு என்பது. இதில் நியாயம் உண்டு. உள்ளூர்ப் பார்வையாளருக்கு மார்சியஸைவிட நந்தன் நெருக்கமானவர்; பாணரின் யாழ் ஆர்ஃபியஸின் யாழைவிட அறிந்தது. கிரேக்கப் பெயர்களை மட்டும் பலகைகளில் ஏற்றி, எங்கும் வாங்கக் கிடைக்கும் பின்னணி இசையை ஒலிக்கவிடும் பாதை இந்த மறுப்புக்கு முன் நிற்காது. ஆனால் மெம்னன், பச்சையப்பன் மண்டபம், துர்க்கிர அவலம் மூன்றும் வேறொரு வழியைக் காட்டுகின்றன. அயல்கதை இடத்தின் ஒலியைக் கையில் எடுத்துக்கொண்டால், அல்லது இடத்தின் மக்கள் அயல்வடிவத்தைத் தம் தேவைக்கு எடுத்துக்கொண்டால், அது அயலாக நீடிப்பதில்லை.

எக்கோவையும் சிலம்பையும் ஒரே வளாகத்தில் எதிரெதிரே வைக்கலாம். ஒன்றில் குரலுக்கு உடல் இல்லை, மற்றொன்றில் உடலைத் திறந்தால்தான் உண்மை. பரல் மாறினால் ஓசை மாறும் சிலம்புகளைப் பார்வையாளர் கையில் எடுத்து அசைத்து, எது முத்து எது மணி என்று செவியால் தேறச் செய்யலாம். இசைத்தூண்களின் பாடமும் இங்கே பயன்படும்: தொடவேண்டிய சிற்பம் தேயும் என்று முன்கூட்டியே ஏற்று, மாற்றக்கூடிய கல்துண்டுகளால் அதைச் செய்ய வேண்டும்.

இரண்டாவது மறுப்பு, ஒலிக்கலை விவரமறிந்த சிலருக்கானது என்பது. சிற்பக் கண்காட்சியில் பார்வையற்றவர் எப்போதும் விருந்தாளி. ஒலிப்பாதையிலோ அவர் முதல் பார்வையாளர். தரையில் தொட்டுணரும் தடமும் பிரெயில் குறிப்பும் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்ந்தால், கண்ணால் பார்ப்பவரே அங்கு உதவி நாடும் நிலை வரும். ஹோமரைப் பார்வையற்றவராகவே மரபு நினைவில் வைத்திருப்பதை இத்துறையினர் பொருட்படுத்த வேண்டும். காதணிக்கருவி இந்த இடத்தில் தீங்கானது. வாகனமும் மனிதரும் வரும் திசையை அது மறைத்துவிடும். கார்டிஃபின் முறை பூங்காவுக்குப் பொருந்தும்; ராயப்பேட்டை வளாகங்களின் உள்சாலைகளுக்குப் பொருந்தாது.

கால அளவும் கலைமுடிவின் பகுதியே. மைசீனி நிகழ்வு சில இரவுகளோடு முடிந்தது. 2001 டிசம்பரில் மெரினாவிலிருந்து அகற்றப்பட்ட கண்ணகி சிலை 2006 ஜூனில் மீண்டும் நிறுவப்பட்டபோது, பொதுவிடச் சிற்பம் நிலையானது என்ற எண்ணமே வழக்காடலுக்கு உள்ளாகியிருந்தது. காற்றையும் செவியையும் நம்பும் பாதைக்கு நிரந்தரம் தேவையில்லை. சென்னையில் அதற்கு உரிய காலம் ஏப்ரலில் தொடங்கும் கடற்காற்றுப் பருவம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் கம்பிகளைக் கழற்றிவிடலாம்.